இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பு: பெயர் ஒன்று, அளவு இரண்டு

இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்தால் மாரடைப்பு வரும் என்னும் செய்தியை நீங்கள் இதழ்களில் படித்திருப்பீர்கள். இச்செய்திக்கு ஆதாரமாக நிற்பவற்றுள் அமெரிக்க ஆய்வுகள் இரண்டு முக்கியமானவை. அவற்றைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

இதயம் ஓர் உறையினுள் இருக்கிறது. உறைக்கு உள்ளே, இதயத் தசையின்மேல் ஓர் அடுக்குக் கொழுப்பு உண்டு. உறைக்கு வெளியே மற்றோர் அடுக்கு உண்டு. உள் அடுக்கு இயல்பான அளவில் இருந்தால் நன்மையே. தசைக்கு எரிபொருளும் மெத்தையும் அதுவே. ஆனால் இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் தமனிகள் அதன் ஊடேதான் செல்கின்றன. இடையில் தடுப்பு ஏதுமில்லை. எனவே கொழுப்பு மிகும்போது அது சுரக்கும் அழற்சிப் பொருள்கள் தமனிச் சுவரைக் கெடுக்கலாம் என்பது மருத்துவ அறிஞர்களின் விளக்கம். வெளி அடுக்குக்கு அத்தனை நெருக்கம் இல்லை.

ஃபிராமிங்ஹாம் ஆய்வினர் 2008-இல் 1,155 பேரின் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு இரு அடுக்குகளையும் தனித்தனியே அளந்து வெளியிட்டனர். இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிவதோடு உள் அடுக்கே தொடர்பு காட்டியது. தெளிவான அளவீடுதான். ஆயினும் கொழுப்பையும் சுண்ணாம்பையும் ஒரே சமயத்தில் பார்த்ததால் எது முந்தியது என்று அதனால் கூற இயலாது.

'மேசா' ஆய்வு அக்குறையைத் தீர்த்தது. 2000-இல் இதய நோய் இல்லாதவர்களைக் கொண்டு தொடங்கி, பிறகு நோய் கண்ட 147 பேரின் தொடக்ககாலப் படங்களை மற்றவர்களுடைய படங்களோடு ஒப்பிட்டனர். 2009-இல் வெளியான முடிவு: கொழுப்பு ஒரு திட்டவிலக்கம் கூடினால் நோய் வாய்ப்பு 1.26 மடங்கு. ஆனால் இங்கு அளந்தது இரு அடுக்குகளையும் சேர்த்து! இரு ஆய்வினரும் தாம் அளந்ததற்குச் சூட்டிய பெயரோ ஒன்றே.

குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நம் கட்டுரையாளர்கள் விளக்கத்தை உள் அடுக்கிலிருந்தும், எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்தும் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பாலைப் பாத்திரத்தோடு நிறுத்துவிட்டு, அவ்வளவும் பாலின் எடை என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

1.26 என்னும் எண்ணையும் பாருங்கள். அதன் பிழை எல்லை 1.01 முதல் 1.59 வரை. 1 என்றால் வேறுபாடே இல்லை என்று பொருள். கீழ் எல்லை அதை உரசிக்கொண்டு நிற்கிறது. பேச்சுக்கு, 100 பேரில் 4 பேருக்கு நோய் வரும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 5 ஆகும். 'ஆபத்து 26 சதவீதம்' என்று அச்சிடுவது தவறு. மேலும், தொடர்பு வேறு, காரணம் வேறு. இக்கொழுப்பைக் குறைத்தால் மாரடைப்பும் குறையும் என்பதை இவ்விரு ஆய்வுகளும் சோதிக்கவில்லை.

இதனால் உங்களுக்கு என்ன? இக்கொழுப்பை அளப்பதற்கென்றே பணம் செலவழித்து, எக்ஸ் கதிர்களை ஏற்று, ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சிறு செலவில் அளக்கக்கூடியவை; புகையிலையை விடச் செலவே இல்லை. இவற்றைக் கட்டுப்படுத்தினால் மாரடைப்பு குறையும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, எண்ணைக் கண்டு அஞ்சுமுன் ஒன்று கேளுங்கள்: அளந்தது எதை?