மேல்பிரிவுக்கு முந்தைய ஆண்டு: மிஃபா நமக்கு விட்டுச் சென்ற பாடம்

2018 பருவத்தின் முடிவில், மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய குழு ஒன்று நாட்டின் மிக உயர்ந்த லீக்கில் இடம் பிடித்தது. எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா என்ற அந்தக் குழு இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக்கில் ஆடிய கடைசி ஆண்டு அது. ஃபெல்டா யுனைடெட்டுடன் சேர்ந்து அதுவும் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. 2019இல் களமிறங்கியபோது அதன் பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்.சி. நான்கு பருவம் ஆடிவிட்டு, 2022இன் முடிவில் அது லீக்கை விட்டே விலகிக்கொண்டது. தோற்றுத் தரமிறங்கி வெளியேறியிருந்தால் அது விளையாட்டில் இயல்பு. இந்தக் கழகமோ ஒருமுறைகூடத் தரமிறங்கவில்லை. ஆடும் தகுதி இருந்தும் கழகம் இல்லாமல் போனது.

இந்த முடிவுக்கான காரணத்தைப் பலர் 2022இல் தேடுகிறார்கள். நான் 2018இல் தேடச் சொல்வேன். மேல்பிரிவுக்குப் போவதற்கு முந்தைய ஆண்டை ஒரு கழகம் எப்படிச் செலவிடுகிறது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. நம் நாட்டில் அந்த ஆண்டை ஏறுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். ஏறிய பின் நிலைத்து நிற்பதற்கான வேலையைத் தள்ளிப்போடுகிறோம். இந்த வழக்கத்தின் நன்மையையும் தீமையையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேமரன் மலையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தொடர்ந்து பாரத் தோட்டமும் புளூ வேலியும் வந்தன. காட்டை அழித்துத் தேயிலை போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டம் என்றால் லயன் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, அதோடு ஒரு திடல். சரிவைச் செதுக்கிச் சமப்படுத்திய துண்டு நிலம் அது. ஒரு பக்கம் தேயிலை வரிசை, இன்னொரு பக்கம் பள்ளம். பந்தைக் கொஞ்சம் ஓங்கி உதைத்தால் செடிக்குள் போய்விடும். தேடி எடுப்பதற்குள் ஆட்டம் சூடு தணிந்துவிடும். மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கக் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இங்கே பந்து பழகிய பையன்கள் காற்றில் தூக்கி அடிப்பதைவிடத் தரையோடு உருட்டிக் கைமாற்றவே கற்றார்கள். ரப்பர் தோட்டமோ தேயிலைத் தோட்டமோ, இந்த நாட்டுத் தமிழர் காற்பந்துக்கு இப்படிப்பட்ட திடல்களே தாய்வீடு.

அந்தப் பரம்பரை சாதாரணமானதல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய தேசியக் குழுவில் எம். சந்திரன் இருந்தார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவருக்கு அந்த மேடை வாய்க்கவில்லை. 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கமும், 2010இல் சுசுகி கிண்ணமும் மலேசியா வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால். இவ்வளவு இருந்தும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பிறகு, தமிழ்ப் பையன்கள் லீக்குக்குள் நுழையும் வாசல் குறுகிக்கொண்டே வந்தது. அந்த வாசலைத் திறக்கும் முயற்சியாகத்தான் மிஃபாவை நம் மக்கள் பார்த்தார்கள்.

முதலில் அதன் பலங்களைச் சொல்ல வேண்டும். மிஃபா குறுக்கு வழியில் மேலே வரவில்லை. மூன்றாம் நிலையான எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடி, 2017இல் பிரிமியர் லீக்குக்கு வந்து, அங்கே இரண்டு பருவம் ஆடிய பிறகே சூப்பர் லீக்கைத் தொட்டது. வேறொரு கழகத்தின் உரிமத்தை வாங்கி உள்ளே நுழைந்த கதை அல்ல இது. கீழ்ப்பிரிவில் செலவிட்ட அந்த ஆண்டுகளின் மதிப்பைக் குறைத்து எண்ணக் கூடாது. பெரிய கழகத்தில் சேரும் இருபது வயதுப் பையன் ஆண்டு முழுவதும் இருக்கையில் உட்கார்ந்தே காலம் தள்ளுவான். கீழ்ப்பிரிவில் அவன் வாரந்தோறும் ஆடுவான். தவறு செய்வான், அடுத்த வாரம் திருத்திக்கொள்வான். ஓர் ஆட்டக்காரனை உருவாக்குவது இந்த ஆட்ட நிமிடங்கள்தான்.

மேல்பிரிவிலும் அந்தக் கழகம் சில நல்ல காரியங்களைச் செய்தது. 2009இலும் 2010இலும் சிலாங்கூருக்குச் சூப்பர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த கே. தேவன் 2019இல் பயிற்றுநராக இருந்தார். அவருக்குப் பின் பி. மணியம் பொறுப்பேற்றார். கே. குருசாமி, கோகிலேஸ்வரன் ராஜ் போன்றவர்கள் அங்கே தொடர்ந்து ஆடினார்கள். 2021 முதல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல் உள்நாட்டினரை மட்டுமே வைத்து ஆடும் முடிவையும் கழகம் எடுத்தது. மற்றக் கழகங்கள் முன்னணியில் பிரேசில், ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களை நிறுத்திய லீக்கில் இது துணிச்சலான முடிவு. அப்படி ஆடியும் தரமிறங்காமல் இருந்தது. உள்நாட்டுப் பையன்களால் முடியாது என்று சொல்பவர்களுக்கு அந்த இரண்டு பருவமே பதில்.

இனிக் குறைகள். முதலாவது, பெயர் மாற்றம். சமூகத்தின் பெயரால் ஏறிய குழு, மேல்பிரிவு வாசலில் நகரத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஓர் இனத்தின் பெயரோடு தேசிய லீக்கில் நிற்பதைவிட, எல்லாரும் சொந்தம் கொண்டாடும் நகரப் பெயரோடு நிற்பது நல்லது என்று வாதிடலாம். அந்த வாதத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் பெட்டாலிங் ஜெயா சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள காற்பந்து இரசிகனுக்குச் சிலாங்கூர் குழுவின் சிவப்பும் மஞ்சளும் தலைமுறை தலைமுறையாக ஊறிய நிறங்கள். புதிய கழகத்துக்கு அவன் மனத்தில் இடம் பிடிக்கப் பல ஆண்டு உழைப்பு தேவை. ஏற்கெனவே கைவசம் இருந்த இரசிகனோ கேமரன் மலையிலும் சுங்கை சிப்புட்டிலும் கோலசிலாங்கூரிலும் இருந்தான். பெயர் மாறியதும் அவனுக்குப் பிடிமானம் போனது. புதிய இரசிகன் வருமுன்பே பழைய இரசிகன் விலகிவிட்டான்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கழகத்தின் செலவு முழுவதும் ஒரே தோளில் இருந்தது. கியூஐ குழுமம் அதைத் தாங்கி நின்றது. அந்த நிறுவனம் பணம் போட்டதைக் குறை சொல்ல முடியாது. போடாவிட்டால் நான்கு பருவமும் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு தோள் விலகினால் மறு தோள் கொடுக்க ஆள் வேண்டும். உறுப்பினர் சந்தா, பருவச் சீட்டு, சிறு பங்குதாரர்கள், ஊர்க் கடைகளின் சிறு ஆதரவு என்று பணம் பல வழியில் வந்திருந்தால், பெரிய புரவலர் விலகிய பின்னும் கழகம் குறைந்த செலவில் கீழ்ப்பிரிவிலாவது ஆடியிருக்கும். இவற்றையெல்லாம் மேலே போன பிறகு கட்டுவது கடினம். ஆட்டக்காரர் சம்பளம், பயணம், உரிம நிபந்தனைகள் என்று மேல்பிரிவில் ஒவ்வொரு மாதமும் கழுத்தைப் பிடிக்கும். செலவு குறைவாகவும் உற்சாகம் மிகுதியாகவும் இருக்கும் கடைசிக் கீழ்ப்பிரிவு ஆண்டுதான் அதற்கு ஏற்ற காலம்.

மூன்றாவது குறை, திடலோடு தொடர்பு அற்றுப்போனது. உள்நாட்டினரை மட்டும் ஆடவைப்பது நல்ல கொள்கை. அந்த உள்நாட்டினர் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால், அது மற்றக் கழகங்கள் வளர்த்த பையன்களைச் சேர்த்துக்கொள்வதாகவே முடியும். தேயிலைக் கன்றை நாற்றங்காலில் வளர்த்து, நட்டு, சில ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான் கொழுந்து பறிக்க முடியும். காற்பந்திலும் அந்தக் காத்திருப்புக்குக் குறுக்கு வழி கிடையாது. நம் மலையில் நிலைமை என்ன? கொழுந்து எடுக்கும் வேலையில் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. மிஞ்சியிருக்கும் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளித் திடலில் ஆடுகிறார்கள். அவர்களில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தால் அவனைக் கண்டுபிடித்து அடுத்த படிக்கு அழைத்துச் செல்ல யாரும் மலையேறி வருவதில்லை. தேசியப் பயிற்சித் திட்டத்தின் மொக்தார் டஹாரி அகாடமி இதே பகாங் மாநிலத்தில், கம்பாங்கில்தான் இருக்கிறது. ஆனால் கேமரன் மலைக்காரனுக்கு ஈப்போ பக்கம். கம்பாங் இருக்கும் குவாந்தான் பக்கம் போக மாநிலத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும்.

இந்தக் குறைகள் மிஃபாவுக்கு மட்டும் உரியவை என்று சொன்னால் அநியாயம். நம் மாநிலக் கழகத்தையே பார்ப்போம். 2012இல் பகாங் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2013இல் சூப்பர் லீக்குக்குத் திரும்பிய அதே ஆண்டு, டோலா சாலேயின் பயிற்சியில் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1992க்குப் பிறகு 21 ஆண்டு காத்திருந்து கிடைத்த கிண்ணம் அது. 2014இல் மீண்டும் வென்றது. ஆர். கோபிநாதனும் ஆர். சுரேந்திரனும் அந்தக் குழுவில் ஆடினார்கள். கீழ்ப்பிரிவில் கழித்த ஓர் ஆண்டு ஒரு குழுவை எவ்வளவு இறுக்கிக் கட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் களத்தில் கட்டியதைக் கணக்குப் புத்தகத்தில் கட்டவில்லை. 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை வந்த ஸ்ரீ பகாங், அடுத்த பருவத்தில் லீக்கிலேயே இல்லை; விலகிக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேராவும் அதே ஆண்டு விலகியது. கேமரன் மலையில் இருப்பவன் கைதட்டி வந்த இந்த இரண்டு குழுக்களும் அந்தப் பருவத்தில் மேல்பிரிவில் இல்லை.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு ஸ்பெயினின் எய்பார் கழகத்தைக் காட்டலாம். மலைகளுக்கு நடுவே 27,000 பேர் வாழும் சிற்றூர் அது. கேமரன் மலையின் மக்கள்தொகையைவிடக் குறைவு. 2014இல் இரண்டாம் பிரிவில் வென்று லா லீகாவுக்குத் தகுதி பெற்றது. கடன் ஒரு காசு இல்லை. ஆனாலும் சட்டப்படி மூலதனத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவோம் என்ற நிலை. தேவைப்பட்ட தொகை சுமார் 17 லட்சம் யூரோ. பெரும் பணக்காரர் ஒருவரிடம் கழகத்தை ஒப்படைப்பது எளிது. எய்பார் அதைச் செய்யவில்லை. ஒருவர் வாங்கக்கூடிய பங்குக்கு உச்சவரம்பு வைத்து, பங்குகளைச் சிறு சிறு தொகையாகப் பொதுமக்களுக்கு விற்றது. உலகின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். ஏழு பருவம் லா லீகாவில் ஆடியது. 2021இல் தரமிறங்கியபோது கழகம் சாகவில்லை, இன்னும் ஆடுகிறது. உலகெங்கும் பரவியிருக்கும் தமிழர்களுக்கு இந்த முறை எட்டாக்கனி அல்ல.

மலேசியாவில் இந்தப் பாடத்தைக் கற்க இப்போது இன்னொரு தடையும் முளைத்திருக்கிறது. 2023இல் பிரிமியர் லீக் கலைக்கப்பட்டது. மேலே சூப்பர் லீக், கீழே பகுதிநேரத் தொழில்முறை லீக், நடுவில் ஒன்றும் இல்லை. மிஃபா இரண்டு பருவம் ஆடி முதிர்ந்த அந்த நடுப்படியே இன்று கிடையாது. கீழிருந்து ஒரு கழகம் நேராக உச்சிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. இரண்டாம் பிரிவுக் கழகங்கள் பல சம்பளப் பாக்கியில் தத்தளித்தன, அந்தச் சுமையைக் குறைக்கவே லீக்கைக் கலைத்தோம் என்பது ஒரு பக்க நியாயம். ஆனால் நோயாளி இளைத்திருக்கிறான் என்று சோற்றை நிறுத்துவது வைத்தியம் ஆகாது. செலவுக்கு உச்சவரம்பு வைத்து இரண்டாம் பிரிவை மீண்டும் தொடங்குவதே மலேசியக் காற்பந்துச் சங்கமும் லீக் நிர்வாகமும் செய்ய வேண்டிய முதல் வேலை.

என் தீர்ப்பு இது: மிஃபா ஏறியது சரி, படிப்படியாக ஏறியது மிகச் சரி, உள்நாட்டினரை நம்பியது பாராட்டத்தக்கது. ஏறுமுன் தன் மக்களைப் பங்காளிகளாக்காமல் போனதே அதை வீழ்த்தியது. அடுத்த முறை நம் சமூகத்திலிருந்து ஒரு கழகம் எழுந்தால், கடைசிக் கீழ்ப்பிரிவு ஆண்டில் மூன்று காரியங்களை முடித்துவிட்டு மேலே போகட்டும். ஆயிரம் பேராவது சிறு பங்கு வைத்திருக்கும் உறுப்பினர் பட்டியல். பத்தொன்பது, இருபத்தொன்று வயதுக்குட்பட்ட இரண்டு குழுக்கள், அவற்றுக்குப் பையன்களை அனுப்பும் தமிழ்ப்பள்ளிகளோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு. புரவலர் விலகினாலும் ஓராண்டுச் சம்பளத்தைக் கொடுக்கப் போதுமான வைப்புத் தொகை. இவை மூன்றும் இல்லாமல் வாய்ப்பு வந்தால், இன்னோர் ஆண்டு கீழேயே ஆடுவது தோல்வி ஆகாது.

தோட்ட நிர்வாகங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலையில் எஞ்சியிருக்கும் திடல்களைக் கார் நிறுத்துமிடமாகவோ காய்கறிப் பந்தலாகவோ மாற்ற விடாதீர்கள். வாரத்தில் இரண்டு மாலை ஒரு பயிற்றுநரை வரவழைக்கும் செலவை ஊர்க்காரர்கள் பகிர்ந்துகொள்ளலாம். கழகத்தை யார் வேண்டுமானாலும் பின்னால் தொடங்கலாம். திடலை இழந்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.