ஒரே ஆறு, இரண்டு ஊர்

அனிதா ஹைஸ் எழுதிய 'பிலா யர்ருதங்கலங்துராய்' (2021) நாவலை முடித்து இரண்டு வாரம் ஆச்சு. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தலைப்பு விராஜுரி மொழியில் இருக்கிறது. 'கனவுகளின் ஆறு' என்று பொருள். ஹைஸும் விராஜுரி இனத்தவர்தான்.

முதலில் வரலாறு. 1852 ஜூனில் ஆஸ்திரேலியாவின் கண்டகாய் ஊரை மர்ரம்பிட்ஜி ஆறு மூழ்கடித்தது. யாரி, ஜாக்கி ஜாக்கி போன்ற விராஜுரி ஆண்கள் மரப்பட்டைப் படகில் போய் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள்.

நாவலில் யாரியின் மகள் வகதானி, ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வேலை செய்கிறாள். வெள்ளத்தில் பிழைத்த அந்தக் குடும்பம் வாகா வாகாவுக்குக் குடிபெயரும்போது அவளையும் கூட்டிப்போகிறது. சம்மதம் யாரும் கேட்கவில்லை. அப்பா உயிர்களைக் காப்பாற்றினார். இவர்கள் மகளை எடுத்துக்கொண்டார்கள்.

என்னைத் தொந்தரவு செய்தது எஜமானி லூயிசா. குவேக்கர், நல்லவள், சமத்துவம் பேசுபவள். ஆனால் 'நான் வீட்டுக்குப் போகணும்' என்பது மட்டும் அவள் காதில் விழாது. சாட்டையைவிட இந்த அன்பு பயங்கரம். மாடு மேய்க்கும் யிந்த்யமாராவின் காதல் வகதானியைத் தேற்றுகிறது. ஆனால் இழந்த உறவுகளுக்கு அது ஈடு என்று ஹைஸ் கதை கட்டவில்லை. அந்த நேர்மை பிடித்தது.

குறை? சில உரையாடல்கள் வகுப்பெடுக்கின்றன. ஆனால் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: கண்டகாயைத் தொட்ட தண்ணீர்தான் வாகா வாகாவுக்கும் வருகிறது. அவளால்தான் நினைத்தபோது திரும்பிப் போக முடியவில்லை.

படியுங்கள்.