அவள் ஓட்டிய கார்

ரொஸெலினியின் ‘இத்தாலியப் பயணம்’ (1954) பார்த்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “புருஷனோடு போனவள் ஏன் மேடம் தனியாகவே ஊர் சுற்றுகிறாள்?”

உறவினர் விட்டுச்சென்ற வீட்டை விற்க நேப்பிள்ஸ் வரும் ஆங்கிலேயத் தம்பதி. நல்ல வெயில். கணவன் உடன் வராமலே, இங்க்ரிட் பெர்க்மனின் காதரின் தானே கார் ஓட்டிப் போய்ச் சிலைகளைப் பார்க்கிறாள். குகையில் வழிகாட்டிக் கிழவன், பெண்ணை எப்படிக் கட்டிவைப்பார்கள் என்று அவளை வைத்தே காட்டுகிறான். (சுற்றுலா போன எந்தப் பெண்ணுக்குத்தான் இந்தக் கிழவனைத் தெரியாது!) தெருவெங்கும் கர்ப்பிணிகள் அவள் கண்ணில் படுகிறார்கள். பார்ப்பவள் பெண்ணாக இருக்கும் படம் அரிது.

பொம்பெயியில் மட்டும் இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள்: சாம்பலுக்கடியில் சேர்ந்தே செத்த ஓர் ஆணும் பெண்ணும். அவள் அழுகிறாள்.

கடைசியில் ஊர்வல நெரிசலில் திடீர்ச் சமரசம். அந்த அணைப்பை நான் நம்பவில்லை. அவள் ஓட்டிய கார் கூட்டத்துக்கு நடுவே நின்றுகிடக்கிறது.