கேம்பல் லேன் மாடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

தை பிறக்கும் நேரத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்கு மாடுகள் வந்து சேரும். லிம் சூ காங் பக்கத்துப் பண்ணையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த பசுவும் கன்றும் கேம்பல் லேன் சுற்றுவட்டாரத்தில் தடுப்புக் கம்பிக்குள் நிற்கும். சில ஆண்டுகளில் ஆடுகளும் உண்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு வரிசையில் வருவார்கள். சீனப் பிள்ளை ஒன்று வைக்கோலை நீட்டும். மாடு நாக்கைச் சுழற்றி இழுத்ததும் அது அலறிப் பின்வாங்கும். பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்தே அலறும். கடை வாசல்களில் கரும்புக் கட்டு, இலையோடு மஞ்சள் கொத்து, வண்ணம் தீட்டிய மண்பானை. லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் மரபுடைமைச் சங்கமான லிஷாவும், 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் இந்தப் பொங்கல் கொண்டாட்டங்களை முன்னின்று நடத்துகின்றன.

இதைக் ‘காட்சிப் பொங்கல்’ என்று கேலி செய்வது சுலபம். ஆனால் பத்தாவது மாடியில் பிறந்து, பாலைப் பெட்டியில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உயிருள்ள மாட்டின் மூச்சுக்காற்று கையில் படுவது சின்ன விஷயமல்ல. சிங்கப்பூரில் பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது. பெற்றோர் அலுவலகம் போக, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, அந்த நாள் சத்தமில்லாமல் கழிந்துவிடக்கூடியது. அப்படிக் கழியாமல் பார்த்துக்கொண்டவர்கள் இந்தத் தெருவின் கடைக்காரர்கள். அவர்களுக்கு வியாபார நோக்கமும் உண்டு. திருவிழாவும் வியாபாரமும் ஒன்றையொன்று பகைத்த ஊர் எங்கே இருக்கிறது?

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த மாட்டைக் காட்டி என்ன கதை சொல்கிறார்கள்? பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கிராமத்தின் கதை: வயல், உழவு, ஏறு, மாட்டுப் பொங்கல். அதே தெருக்களுக்கென்று ஒரு மாட்டுக் கதை இருப்பது காதில் விழுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய இந்தச் சதுப்பு நிலத்தில்தான் நகரத்தின் கால்நடை வியாபாரம் கொழித்தது. தண்ணீரும் புல்லும் இருந்தன. தொழுவங்கள் வந்தன, பால்காரர்கள் குடியேறினார்கள், வண்டி மாடுகள் நின்றன. பஃபலோ ரோடு, அதே எருமையை மலாயில் சொல்லும் கெர்பாவ் ரோடு, மாட்டு வியாபாரி பெலிலியோஸ் பெயரிலான சாலை எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். 1930களில் நகராட்சி நிர்வாகம் கால்நடைகளை இங்கிருந்து அப்புறப்படுத்தியது. கேம்பல் லேனில் நிற்கிற பசு, உண்மையில் தன் பழைய பேட்டைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதைச் சொன்னால், கண்ணால் காணாத ஒரு கிராமத்தை விட்டு, தான் நிற்கிற மண்ணோடு அந்தப் பிள்ளைக்கு உறவு உண்டாகும்.

புலம்பெயர்ந்தோர் விழாக்கள் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு போலும். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், வின்னிப்பெக் ஏரிக்கரையில் கிம்லி என்றொரு சிற்றூர். 1875இல் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். 1890இல் வின்னிப்பெக் நகரில் அவர்கள் தொடங்கிய ‘ஐஸ்லாந்தியர் நாள்’ 1932இல் கிம்லிக்கு இடம்பெயர்ந்து, இன்றும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் கோலாகலமாக நடக்கிறது. பச்சை அங்கியும் வெண்ணிற முக்காடும் அணிந்த ஒரு பெண்மணி, தாய்நாட்டின் உருவமாக மேடையேறி உரையாற்றுவார். கூடவே வைக்கிங் வீரர்களின் கூடாரங்களும் வாள் சண்டையும். அங்கே குடியேறிய முன்னோரோ வாளெடுத்தவர்கள் அல்லர். எரிமலைச் சாம்பலுக்கும் வறுமைக்கும் தப்பி வந்த குடியானவர்கள், மீன் பிடித்தும் மரம் வெட்டியும் பிழைத்தவர்கள். வாழ்ந்த வரலாற்றைவிட வீர வரலாறுதான் மேடைக்கு எடுப்பாக இருக்கிறது.

இங்கும் அதே கதைதான். சிங்கப்பூர்த் தமிழரின் முன்னோரில் கப்பல்துறைக் கூலிகள், செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர்கள், சலவைத் தொழிலாளர்கள், நகரத்தார் வட்டிக்கடைக்காரர்கள், கடையநல்லூர், நாகூர் முஸ்லிம் வணிகர்கள், யாழ்ப்பாணத்து எழுத்தர்கள் எல்லாரும் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவையும் கட்டிய கைகளில் இந்தியக் கைதிகளின் கைகள் உண்டு. விழா மேடைகளிலோ அரசர்களும் கரகாட்டமும் சிலம்பமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. விதிவிலக்குகள் இல்லாமலில்லை. 2019இல் இந்திய மரபுடைமை நிலையம் தென்கிழக்காசியத் தமிழர் குறித்து நடத்திய கண்காட்சி, வந்துபோனவர்கள் குடியேறியவர்களாக மாறிய வரலாற்றை ஆவணங்களோடு பேசியது. தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் ‘சங்கே முழங்கு’ என்ற பெயரில் ஆண்டுதோறும் பெரிய அரங்கில் மேடையேற்றும் நாடகமும் இளைஞர்கள் தாமே எழுதி, நடித்து, பணம் திரட்டிச் செய்கிற காரியம். இருபது வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தமிழில் சண்டையிட்டு ஒத்திகை பார்ப்பதற்கு இணையான மொழிப் பயிற்சி வேறேது?

இந்த விழாக்களை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விக்கு சிங்கப்பூரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் அது. தமிழர்கள் சாதியாலும் சமயத்தாலும் ஊராலும் சிதறிக் கிடந்த காலம். தீபாவளி இந்துக்களுக்கு, நோன்புப் பெருநாள் முஸ்லிம்களுக்கு, கிறிஸ்துமஸ் கிறிஸ்தவர்களுக்கு. தை முதல் நாளை அவர் எல்லாருக்குமான நாளாக்கினார். பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அது பரவியது. ஆனால் கூட்டம் கூட்டியதோடு அவர் நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா தமிழுக்கா என்று வாதம் எழுந்தபோது, தமிழுக்கே என்று போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டி, உழைப்பாளிகளின் சிறு காசுகளைக் கொண்டு பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்கு வழி செய்தார். துறை 1956இல் அமைந்தது. குடியுரிமை வாய்ப்பு வந்தபோது தொழிலாளிகளைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லித் தூண்டினார். அந்த விழாவுக்கு ஒரு கோரிக்கை இருந்தது. வந்தவர்களிடமும் கேட்டது, ஆட்சியிடமும் கேட்டது.

இன்றைய விழாக்கள் எதையும் கேட்பதில்லை. நன்றி சொல்கின்றன.

ஒரு வகையில் இது வெற்றியின் விளைவுதான். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம், நாடாளுமன்றத்தில் பேசலாம், ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் படிக்கலாம். போராட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். புள்ளிவிவரம் வேறு சொல்கிறது. வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ் மொழி விழா 2007இல் தொடங்கியது. ‘தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்’ என்ற முழக்கத்தோடு ஏப்ரல் தோறும் வார இறுதிகள் நிரம்பி வழிய நிகழ்ச்சிகள். விழா வளர்ந்த அதே ஆண்டுகளில் வீட்டுத் தமிழ் சுருங்கியது. விழாவால் சுருங்கவில்லை, விழா இல்லாவிட்டால் இன்னும் சுருங்கியிருக்கலாம். ஆனாலும் அரங்கு நிறைந்தது என்ற ஒரே மகிழ்ச்சியோடு அறிக்கையை முடித்துக்கொள்வது போதாது.

கிம்லி இதிலும் எச்சரிக்கிறது. 1886இலும் 1888இலும் ஐஸ்லாந்திய மொழியில் தொடங்கிய இரண்டு செய்தித்தாள்கள் 1959இல் ஒன்றாயின. அந்த இதழ் இன்றும் வருகிறது, ஆங்கிலத்தில். தாய்நாட்டில் வழக்கொழிந்துவரும் பழைய அடுக்குக் கேக் ஒன்றை மானிட்டோபாவில் இன்னும் பக்தியோடு சுடுகிறார்கள். எத்தனை அடுக்கு என்பதில் சண்டைகூடப் போடுகிறார்கள். கேக் பிழைத்தது, கொடி பிழைத்தது, விழா நூற்றாண்டைத் தாண்டியது. வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது.

சிங்கப்பூர் மேடைகளின் சில பழக்கங்களைப் பெயர் சொல்லியே குறை கூறலாம். போட்டிகள் மிகுதி. பெற்றோர் எழுதிக் கொடுத்த மூன்று நிமிடப் பேச்சைப் பிள்ளை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்து, கோப்பை வாங்கி, படியிறங்கியதும் ‘மம்மி, கேன் வீ கோ நவ்?’ என்கிறது. சிறப்பு விருந்தினர் வரிசை நீளம். பொன்னாடை அதைவிட நீளம். வரவேற்புரையாளர் எல்லாரையும் ‘அவர்களே’ போட்டு முடிப்பதற்குள் பின் வரிசை தேநீருக்குப் போய்விடுகிறது. அரங்கில் பார்த்த முகங்களே அடுத்த வாரமும். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்தரக் கதைக்களம், கவிஞர்கள் கூடும் கவிமாலையின் மாதச் சந்திப்பு போன்ற சிறு கூடுகைகள் இந்தச் சடங்குகளிலிருந்து பெரிதும் தப்பியவை. நாற்பது பேர் உட்கார்ந்து ஒரு கதையைப் பிரித்து மேய்கிற மாலைக்குச் சுவரொட்டி மதிப்பு குறைவு, பயன் அதிகம். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்திடம் ஒப்படைத்த தொண்டூழியர் முயற்சியையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அதில் பலர் கூடி உட்கார்ந்து உழைத்தார்கள். கைதட்டல் குறைவு, மிஞ்சியது நூலகம்.

இனி, அதிகம் பேசப்படாத பகுதி. சிங்கப்பூரின் மிகப் பெரிய தமிழ்க் கூடுகைக்கு அழைப்பிதழே கிடையாது. அது ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய புல்திடல்களிலும் நடக்கிறது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் ஊழியர்கள் வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, பரோட்டா சாப்பிட்டு, சிவகங்கைக்காரர்கள் ஓரிடத்தில், பட்டுக்கோட்டைக்காரர்கள் இன்னோரிடத்தில் என்று வட்டமாக உட்கார்வார்கள். கைபேசித் திரையில் மனைவி பொங்கல் பானையைக் காட்டுவாள். நாள் முழுக்கத் தமிழிலேயே புழங்குகிறவர்கள் இவர்கள். ஆனால் அந்த 2.5 விழுக்காட்டில் இவர்கள் இல்லை. அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது.

2013 டிசம்பர் 8 இரவு பேருந்து விபத்தில் ஊழியர் ஒருவர் இறந்து, கலவரம் மூண்ட பிறகு இந்தக் கூடுகை கண்காணிப்பு விவகாரமாகிவிட்டது. 2015 மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வட்டாரத்துக்குத் தனிக் கெடுபிடி விதித்தது. தொற்றுக்காலத்துக்குப் பின், 2022 ஜூனில், தங்குவிடுதி ஊழியர்கள் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு வர அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. ஒரு நாளைக்கு 80,000 சீட்டுகள். கூட்ட நெரிசல் உண்மையான பிரச்சினைதான்; அங்கே குடியிருப்பவர்களின் சிரமத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே தெருவில் தமிழ் மரபைக் கொண்டாடும் அமைப்புகள் இந்த மக்களை நெரிசலாக மட்டும் பார்த்தால் அது கோளாறு. ஊழியர்களுக்குப் பொங்கல் நடத்துகிறார்கள், உண்மை; பெரும்பாலும் தனியாக, விடுதிகளிலும் பொழுதுபோக்கு மையங்களிலும், அன்பளிப்புப் பையோடு. மேடை ஒருவருடையது, பை மற்றவருடையது. 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் வங்காள ஊழியர்களோடு தமிழ் ஊழியர்களும் தங்கள் மொழியில் எழுதினார்கள். அதைத் தொடங்கியது தமிழ் அமைப்பு அல்ல என்பதைத் தமிழ் அமைப்புகள் யோசித்துப் பார்க்கலாம்.

இவர்கள் இரண்டாண்டோ பத்தாண்டோ இருந்துவிட்டுப் போகிறவர்கள், நம் மரபுடைமை வேறு என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூர்த் தமிழருக்கென்று தனி வரலாறு உண்டு, அது தமிழ்நாட்டின் நகல் அல்ல என்ற அளவில் அந்த வாதம் சரி. மீன் தலைக் கறி ஊரிலிருந்து வந்ததல்ல, இங்கே பிறந்தது. ஆனால் வந்து உழைத்துப் போகிறவர்களை வரலாற்றிலிருந்து கழித்தால், கழிபடுவது தாத்தாக்களும்தான். அவர்களும் இரண்டாண்டு என்று சொல்லித்தான் கப்பல் ஏறினார்கள்.

தமிழ் மொழி விழாவுக்கு இடமும் பணமும் அமைப்புகளும் இருக்கின்றன. ஜமால் முகமது கல்லூரி முன்னாள் மாணவர்கள் முதல் எழுத்தாளர்கள் வரை பங்காளிகள் இருக்கிறார்கள். சமயம் கடந்த மேடை என்ற சாரங்கபாணியின் சாதனை இன்றும் கெடவில்லை. அது பெரிய பலம். வரும் ஏப்ரலில் ஒரு நிகழ்ச்சியையாவது குளிரூட்டிய அரங்கிலிருந்து எடுத்து, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு லிட்டில் இந்தியாவின் திடல் ஒன்றில் நடத்தட்டும். நடுவர் நாற்காலியில் ஓர் ஊழியர் உட்காரட்டும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அவருடைய கேள்விக்கு எழுதிக்கொண்டு வராத தமிழில் பதில் சொல்லட்டும். பொன்னாடையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.