கைபிரேக் போட்ட பிறகு

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் கார் குழுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கேரள எல்லைதான். வாளையாரைத் தாண்டினால் பாலக்காடு; அங்கிருந்து கொல்லங்கோடு, நெம்மாரா வழியாக நெல்லியாம்பதி. இடுக்கிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர், மூணாறு, தேனிக்காரர்களுக்குப் போடிமெட்டு. விடியுமுன் ஒரு பெட்ரோல் பங்கில் கூடுவார்கள். பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையாகப் புறப்படும். நிழல் கண்ட இடத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுவார்கள். எனக்கு இந்த வழக்கம் பிடிக்கும். பிடிப்பதால்தான் அதன் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளிகள் மலைப்பாதையைக் கற்றுத்தருவதில்லை. சமவெளியில் கிளட்சும் கியரும் பழகி உரிமம் வாங்கியவர், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தானாகவே தேறவேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், நியூட்ரலில் விடவே விடாதே என்பதெல்லாம் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் மனத்தில் பதிகிறது. நல்ல குழுக்களில் இது நடக்கிறது. முன்னால் வழி தெரிந்தவரின் வண்டி, கடைசியில் பழுதுபார்க்கத் தெரிந்தவரின் வண்டி, நடுவில் புதியவர்கள். "எதிரே பஸ் வருது, இடது ஓரமா ஒதுங்குங்க" என்று வாக்கி டாக்கியில் குரல் வந்துகொண்டே இருக்கும். அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிடவேண்டும். 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் இது இருக்கிறது. ஆனால் அதைப் புத்தகத்தில் படித்தவர்களைவிடக் குழுவில் ஒருமுறை திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவர்களே எனக்கு அதிகம் தெரியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட வண்டிகளைப் பிரியத்தோடு வைத்திருப்பவர்களுக்கு, அவற்றை வெளியே எடுக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் இருக்கும்வரை, கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குக்கும் வேலை இருக்கும். பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து பழகிய பெண்கள் மலையில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்ததும் இந்தப் பயணங்களில்தான். வீட்டுக்காரர் மட்டும் சொல்லித்தரும்போது வராத துணிச்சல், முன்னும் பின்னும் தெரிந்தவர்கள் வரும்போது வருகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆக, தன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் வலிமை ஒரு குழுவுக்கு இருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சாதவர்கூட அட்மினின் பேச்சுக்குக் கட்டுப்படுகிறார். அந்த வலிமை வண்டி ஓடும்வரைதான் செயல்படுகிறது என்பதே என் வருத்தம். கைபிரேக் போட்டதும் ஒழுங்கும் இறங்கிப் போய்விடுகிறது. எங்கே நிறுத்துவது, யாருடைய நிலத்தில் பாய் விரிப்பது, மிச்சத்தை எங்கே போடுவது, பாட்டை எவ்வளவு சத்தமாக வைப்பது ஆகியவற்றுக்கு விதி எழுதிய குழுக்கள் மிகக் குறைவு.

இந்த அலட்சியத்துக்கு முதலில் பலியாவது காடு. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு, காட்டில் வீசியெறியப்பட்ட பீர் பாட்டிலின் சில்லு யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்பது தெரியும். டாப்ஸ்லிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதப்பட்ட கதை அது. டாப்ஸ்லிப்புக்கு அடுத்தது பரம்பிக்குளம், அதை ஒட்டியது நெல்லியாம்பதி. எல்லாம் ஒரே காடு. கேரள உயர் நீதிமன்றம் மூணாறு, தேக்கடி, வாகமன், நெல்லியாம்பதி போன்ற இடங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2025 அக்டோபர் 2 முதல் தடை விதித்தது. நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது என்பதே பிக்னிக் போகிறவர்களுக்கு அவமானம். தயிர்சாதத்தை எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோய், கழுவாமலே டிக்கியில் திருப்பிக் கொண்டுவர யாருக்கும் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டிருக்கக் கூடாது. குரங்குக்கு பிஸ்கட் போடுவதும் இதே கணக்கில்தான் வரும். உடுமலை–மூணாறு சாலை சின்னாறு சரணாலயத்துக்குள் சுமார் 16 கிலோமீட்டர் போகிறது. அங்கே வண்டியை ஓரங்கட்டிக் குழுப்படம் எடுப்பவர்கள், யானை சாலையைக் கடக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்து, வரிசை. பதினைந்து கார்கள் ஒட்டி ஒட்டிப் போவது படம்பிடிக்க அழகுதான். போடிமெட்டுச் சாலையிலோ குமுளிச் சாலையிலோ பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது? இடுக்கி எல்லையோரத்தவர்கள் பலருக்கு அவசர சிகிச்சை என்றால் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். இரண்டு கார்களைத் தாண்டிவிடலாம். பதினைந்தைத் தாண்ட மலைச்சாலையில் இடம் கிடையாது. 'கூட்டம் பிரியக் கூடாது' என்று குழுக்கள் பெருமையோடு சொல்லும் விதியையே நான் முதலில் கைவிடச் சொல்வேன். மலையில் நான்கு நான்காகப் பிரிந்து, இடையில் பத்து நிமிடம் விட்டுப் போனால் தோழமை ஒன்றும் குறைந்துவிடாது.

நாம் ஓய்வாக மலையேறும் ஞாயிறுதான் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கும் வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பிலிருந்து மூணாறு சந்தைக்கு அரிசி பருப்பு வாங்கப் போகிற குடும்பம் பஸ்ஸிலோ ஜீப்பிலோ நம் வண்டிகளுக்குப் பின்னால் காத்துக் கிடக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2020 ஆகஸ்டில் மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடி மண்சரிவில் 70 பேர் மாண்டார்களே, அதே லயங்களின் மக்கள். கொல்லங்கோட்டில் பிரச்சினை வேறு மாதிரி. சமூக வலைத்தளங்களில் 'அழகான கிராமம்' என்று பேர் வந்ததிலிருந்து வயல்வழிகளில் வெளியூர்க் கார்கள் நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரமும் நெல் ஏற்றும் வண்டியும் போக அந்த வழிதான் இருக்கிறது. வரப்பு உட்கார்ந்து சாப்பிடும் திண்ணை அல்ல. மிதித்துச் சரித்தால் தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும்.

கட்டுச்சோறு பற்றியே ஒரு கேள்வி இருக்கிறது. எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால், அந்த ஊருக்கு நம்மால் மிஞ்சுவது புகையும் குப்பையும் மட்டும். பாலக்காட்டுக்குப் பக்கத்து இராமசேரியில், தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த முதலியார் குடும்பங்கள் விறகடுப்பில் மண்பானை வைத்துத் துணிமேல் தட்டையாக ஊற்றி அவிக்கும் இட்லி பேர்பெற்றது. அவிப்பவை சில குடும்பங்களே. முன்தினம் போனில் சொல்லிவிட்டுப் போனால் அவர்களுக்கு நல்ல வியாபாரம்; சொல்லாமல் அறுபது பேர் இறங்கினால் உள்ளூர்க்காரருக்கு அன்றைக்குப் பலகாரம் இல்லை.

இதெல்லாம் அலட்சியத்தால் வருபவை. ஆணவத்தால் வருபவையும் உண்டு. 2022 மே மாதம் வாகமனில் ஒரு தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் ஆஃப்ரோடு ஜீப் ஓட்டம் நடந்து வழக்கானது. 2024இல் மூணாறு கேப் ரோட்டில் ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டிப் படம் எடுத்தவர்கள்மீது கேரள மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது. குடும்பத்தோடு போகும் குழுக்கள் இவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டுவது நல்லது. மாற்றிய சைலன்சர் வைத்த வண்டியைப் பெட்ரோல் பங்கிலிருந்தே திருப்பி அனுப்புவதில் அதைத் தொடங்கலாம்.

இங்கிலாந்தில் நகரவாசிகள் கிராமங்களுக்குப் பெருவாரியாகப் போகத் தொடங்கிய காலத்தில், 1951இல், கதவைத் திறந்தால் மூடு, குப்பையை வீட்டுக்கு எடுத்துப் போ என்று எளிய நெறிகள் வெளியிடப்பட்டன. நம் பக்கம் நெறிக்கு முன்னால் கட்டுப்பாடு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் போகமுடியாது. நெல்லியாம்பதிக்கும் மூணாறுக்கும் அப்படியொன்று வந்தால் குறைசொல்ல நமக்கு உரிமை இருக்காது.

குழு நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பயண அறிவிப்பில் டயர் காற்று, பெட்ரோல், கூடும் நேரம் ஆகியவற்றோடு நான்கு வரி சேருங்கள். மலையில் நான்கு வண்டிகளுக்கு மேல் சேர்ந்து போகவேண்டாம். நெல்லியாம்பதி வழியில் போத்துண்டிக்கு மேலும் சின்னாறுக்குள்ளும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டாம். ஒரு வேளையாவது உள்ளூரில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். 2018 ஆகஸ்டில் மண்சரிந்து சாலை துண்டித்துப்போய் நெல்லியாம்பதியே தனித்து நின்றது. இந்த நான்கையும் மீறுகிறவரை, வளைவில் முந்தியவரை நீக்குவதுபோலவே குழுவிலிருந்து நீக்குங்கள்.