யவனர் தேறலில் கடல்நீர்

போன மாதம் தூத்துக்குடியில் நண்பர் வீட்டில் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து வைத்தார். சிறிய குடும்பத் தோட்டத்தில் விளைந்ததாம். ரசாயன உரம் கிடையாது, திராட்சைத் தோலில் உள்ள ஈஸ்ட்டே நொதிக்க வைக்கிறது, வடிகட்டுவதில்லை, கந்தக டை ஆக்சைடு பேருக்குத்தான். சிவப்பு ஒயினில் இது ஓரளவு நடக்கும்; தோலோடு சேர்ந்து நொதிப்பதால் இறங்குகிற டானின், கெடாமல் காக்கக் கொஞ்சம் உதவும். அதுவரை சரி. "நம்ம கொற்கைப் பாண்டியன் குடிச்சது இதுதாம்வே" என்றார் பாருங்கள், அதுதான் உறுத்தியது.

அவர் சொல்வது புறநானூறு 56. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் தினமும் அருந்தி வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். (பாட்டில் கொற்கை இல்லை. முத்துத்துறை என்பதால் நண்பர் சேர்த்துக்கொண்டது.) எதுவும் சேர்க்காத பழங்கால ஒயினுக்கு இந்தப் பாட்டைச் சாட்சி கூப்பிடுவது தப்பான வாசிப்பு. புலவர் புகழ்வது குளிர்ச்சியை, மணத்தை, தூரத்திலிருந்து வந்த சரக்கை. செய்முறை பற்றி மூச்சே இல்லை. தேறல் என்றாலே தேறியது, தெளிந்தது; கலங்கலை ரசிக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லே ஒத்துவராது.

சரி, யவனர் பக்கம் என்ன நடந்தது? கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், கோஸ் தீவு ஒயின் மாதிரி செய்வதற்குக் கடல்நீர் சேர்க்கச் சொல்கிறார். ஜாடிக்குள் கீல் பூசுவதும் அங்கே வழக்கம். 1945இல் மார்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் கோஸ் வகை ஜாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் நக்கீரர் சொல்லும் மணம் திராட்சையின் மணமா, கீலின் மணமா? எனக்குக் கீல் மேல்தான் சந்தேகம்.

ஒன்றுமே சேர்க்காத பானம் வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம், உடன்குடிக்குப் போனால் போதும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். அந்தக் கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. அதாவது பனையேறி கைவைத்தால் அது வியாபாரம், சும்மா விட்டால் வழக்கு. நண்பரின் பாட்டிலில் பெருமையாக அச்சடித்திருக்கும் அதே 'சும்மா விட்டது'தான்!

இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டு, "அதுக்கு லேபிள் யாரு ஒட்டுவா?" என்றார். ஒயின் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. டம்ளர் அடியில் வண்டல் நின்றது.