தருமரோடு நடந்த நாய்

மகாபாரதத்தில் இன்றைய சிறுகதைக்கு மிக அருகில் வரும் பகுதி எது என்று யாராவது கேட்டால், மகாப்பிரஸ்தானிக பருவத்தைத்தான் சொல்வேன். 18 பருவங்களில் அது 17-ஆவது. அளவில் மிகச் சிறியது. மூன்றே அத்தியாயங்கள். கண்ணன் மறைந்த செய்தி வந்தபின் பரீக்ஷித்துக்கு முடிசூட்டிவிட்டு, மரவுரி தரித்து, ஐந்து சகோதரர்களும் திரௌபதியும் புறப்படுகிறார்கள். ஒரு நாய் பின்னால் வருகிறது. வடக்கே மலையில் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒரு கிழவரும் ஒரு நாயும்.

எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் என்றால் திரௌபதி அம்மன் கோயில் பாரதம்தான். பிரசங்கியார் பகலில் கதை சொல்வார். இரவில் கூத்து நடக்கும். துரியோதனன் படுகளத்தில் சாய்வான். திரௌபதி கூந்தலை முடிவாள். பக்தர்கள் தீ மிதிப்பார்கள். தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனதும் ஊர் மங்களமாகக் கலைந்துவிடும். நாய் வருவதற்கு அங்கே இடமே இல்லை. பிரசங்கியாருக்கு ஆதாரமான வில்லிபுத்தூரார் பாரதமும் 10 பருவங்களோடு, யுத்தம் முடிந்ததும், நின்றுவிடுகிறது. மிச்சத்தையும் பாட்டில் சொல்ல 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வர வேண்டியிருந்தது. பிறகு கும்பகோணம் ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பித்த முழு வசன மொழிபெயர்ப்பும், ராஜாஜியின் ‘வியாசர் விருந்’தும் அந்த நாயைப் படித்த வீடுகளுக்குள் கொண்டுவந்தன. கோயில் திடலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மங்களமாக முடிப்பதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்கிறோம். பட்டாபிஷேகத்தோடு நிற்கும் பாரதத்தில் நியாயம் ஜெயித்துவிடுகிறது. கேட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஜெயித்தவர்களிடம் கணக்குக் கேட்கப்படுவது அதற்குப் பிறகுதான்.

படக்கதைகளிலும் காலண்டர்களிலும் இந்தப் பயணத்தை வெள்ளை வெளேரென்ற பனியில் பார்த்துப் பழகிவிட்டோம். வியாசரோ இந்த இடத்தில் பனியை வருணிக்கவே இல்லை. ஹிமவானைக் கடந்தார்கள், மணல் கடலைக் கண்டார்கள், மேருவைப் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போய்விடுகிறார். மலையின் பெயரிலேயே ஹிமம் இருக்கிறது, அது போதும் என்று நினைத்தார் போலும். பச்சைமலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் பருத்திச் செடியில் நிற்கும் ஈரம். வெயில் ஏறினால் போய்விடும். ஆளைப் புதைக்கிற பனிக்கும் எங்களிடம் அதே சொல்தான். ஆனால் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள அது ஒரு குறையே அல்ல. குளிரை வருணித்திருந்தால் நம் மனசு முழுவதும் நடுங்குகிறவர்கள்மேல் போயிருக்கும். வியாசருக்கு அங்கே வேண்டியது விசாரணை.

நாயிடமும் அதே சிக்கனம். அதற்குப் பெயர் இல்லை, நிறம் இல்லை. அது குரைக்கவும் இல்லை. திரௌபதி ஆறாவது, நாய் ஏழாவது என்று எண்ணிக்கையில் மட்டும் சேர்க்கிறார். பிறகு ஒவ்வொன்றாகக் குறையும்போது அந்த எண்ணிக்கை நம் மனத்தில் வேலை செய்கிறது.

திரௌபதிதான் முதலில் விழுகிறாள். பீமன் காரணம் கேட்கிறான். அருச்சுனனிடம் பட்சபாதம் வைத்திருந்தாள் என்று சொல்லிவிட்டுத் தருமர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். சகாதேவனுக்கு அறிவுச் செருக்கு. நகுலனுக்கு அழகுச் செருக்கு. அருச்சுனன் பகைவரை ஒரே நாளில் அழிப்பதாக வீம்பு பேசியவன். பீமன் பெருந்தீனிக்காரன், பலத்தைப் பீற்றிக்கொண்டவன். மனைவியைப் பணயம் வைத்துச் சூதாடியவர் பிறருடைய குற்றங்களை இவ்வளவு நிதானமாக ஒப்பிப்பதைப் படிக்கும்போது வாசகருக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும்.

அந்தக் கோபத்தை வியாசர் இந்திரன் வாயில் வைக்கிறார். ரதத்தோடு வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். அண்டி வந்ததை விட மாட்டேன் என்கிறார் தருமர். தம்பிகளையும் மனைவியையும் விட்டு வந்தவருக்கு நாயை விட முடியாதா என்று மடக்குகிறான் இந்திரன். இறந்தவர்களோடு நட்பும் இல்லை, பகையும் இல்லை, உயிரோடு இருந்தவரை அவர்களை நான் விடவில்லை என்பது தருமரின் வாதம். சாமர்த்தியமான பதில்தான், எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. விழுந்தவர்கள் அருகில் ஒரு கணம் நிற்கக்கூட இல்லையே!

உடனே நாய் தருமதேவதையாகிவிடுகிறது. நவீன ரசனை உள்ளவர்கள், இங்கே மாயம் புகுந்து நல்ல கதையைக் கெடுத்துவிட்டது என்பார்கள். நாய் நாயாகவே இருக்க, சொர்க்கத்து வாசலிலேயே தருமர் உட்கார்ந்துவிட்டதாக முடித்திருக்கலாம். எழுதுகிறவனுக்குச் சபலம் தரும் முடிவுதான். ஆனால் வியாசர் அதோடு விடவில்லை. அடுத்த பருவத்தில் சொர்க்கத்தில் துரியோதனன் ஆசனத்தில் வீற்றிருக்கிறான்; தம்பிகளும் திரௌபதியும் நரகத்து இருட்டில் குரல்களாக இருக்கிறார்கள். நாற்றம் தாங்காமல் திரும்பக் கிளம்பிய தருமரை அந்தக் குரல்கள் போகாதே என்று கெஞ்சுகின்றன. இறந்தவர்களோடு உறவில்லை என்று வாதாடியவர், இவர்களோடேயே இருந்துவிடுகிறேன் என்று தேவதூதனை அனுப்பிவிடுகிறார். மலையில் நிற்காத மனிதர் இங்கே நின்றுவிட்டார். இடையில் அவர் செய்தது ஒரு நாயை விட மறுத்தது மட்டும்தான். நாய்க்குச் செய்தது, மனிதர்களுக்குச் செய்வதற்கு முதற்படியாகிவிட்டது.

காவியத்தின் வாசலிலும் ஒரு நாய் உண்டு. ஆதி பருவத்தில், ஜனமேஜயனின் யாகசாலைக்கு வந்த குட்டியை, ஒரு தப்பும் செய்யாததை, அவன் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். தாய் சரமை வந்து நியாயம் கேட்கிறது. பதில் கிடைக்காமல் சபித்துவிட்டுப் போகிறது. அதே ஜனமேஜயனுக்குத்தான் வைசம்பாயனர் பாரதம் முழுவதையும் சொல்கிறார். முன்னோர் ஒருவர் நாய்க்காகச் சொர்க்கத்தையே வேண்டாமென்ற கதையை அவன் என்ன முகத்தோடு கேட்டிருப்பான்!

ஊர்ப் பிரசங்கியார்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பட்டாபிஷேகம் ஆனபின் இன்னும் ஓர் இரவு கதை சொல்லுங்கள். வெற்றியைக் கொண்டாடிய கூட்டத்தில் பாதிப்பேர் அதற்கு வரமாட்டார்கள். வருகிறவர்களுக்கு அந்த ஓர் இரவு போதும்.